கிண்டியில் ஓடிய செவலை: எங்கள் தொழுவில் முதல் ஐந்து மாதம்

தை மாதக் கடைசி, விடியற்காலை நாலரை மணி. சேரன்மகாதேவிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர் விலக்கில் லாரி வந்து நின்றது. பின்பலகையை இறக்கியதும் செவலைக் குதிரை உடனே இறங்கவில்லை. தலையைத் தாழ்த்திப் பலகையை முகர்ந்தான். ஒரு முன்னங்காலை வைத்தான், எடுத்தான், மறுபடி வைத்தான். பத்து நிமிஷம் கழித்துத்தான் மண்ணில் கால் வைத்தான். கூட வந்த சைஸ், அதாவது அவனைக் கிண்டியில் பராமரித்தவர், கயிற்றை ஒருமுறைகூட இழுக்கவில்லை. "அவனா வருவாம்மா, அவசரப்படாதீங்க" என்றார். இந்த ஐந்து மாதமும் நான் செய்த வேலையெல்லாம் அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு செய்ததுதான்.

ஆறு வயது, காயடித்த ஆண், நெற்றியில் வெள்ளைப் பொட்டு. கிண்டிப் பந்தயத் திடலில் மூன்று வருடம் ஓடியவன். போன ஆவணியில் இடது முன்னங்காலில், முழங்காலுக்குக் கீழே பின்பக்கம் ஓடும் தசைநாண் கிழிந்தது. வீக்கம் வடிந்த பிறகும் அந்த இடம் வில் வளைந்தது மாதிரி புடைத்தே இருக்கிறது. இந்தக் காயம் ஆற 9 முதல் 12 மாதம் பிடிக்கும். ஆறினாலும் அங்கே உருவாவது தழும்பு நார்தான், பழைய நாரின் நெகிழ்வு அதற்குக் கிடையாது. நடக்கலாம், பிறகு மெல்ல ஓடலாம். பந்தய வேகத்தில் விட்டால் மறுபடி கிழியும் அபாயம் அதிகம். அதனால் உரிமையாளர் எழுதி வாங்கிய கடிதத்தில் இரண்டே நிபந்தனை: பந்தயத்துக்குத் திரும்ப விடக்கூடாது, விற்கக்கூடாது. மனசாரக் கையெழுத்துப் போட்டேன்.

சென்னையில் படித்தபோது வேப்பேரியில் என்.சி.சி. குதிரைப் பிரிவில் மூன்று வருடம் இருந்தேன். ஏறவும் தேய்க்கவும் கொட்டில் கழுவவும் அங்கே கற்றதுதான். ஆனால் பந்தயத்திலிருந்து நேராக வரும் குதிரை வேறு கதை. அதை யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால் எனக்கு உதவியாக இருந்திருக்கும் என்பதால் இதை எழுதி வைக்கிறேன்.

பயணத்திலிருந்தே தொடங்குகிறேன். சென்னையிலிருந்து இங்கே 600 கிலோமீட்டருக்கு மேல். லாரியில் குதிரையின் தலையை உயரக் கட்டிவிட்டு இரவெல்லாம் ஓட்டி வருவது பெரிய தவறு. தலை தாழ்ந்தால்தான் மூச்சுக்குழாயில் சேரும் தூசியும் சளியும் வெளியேறும். மணிக்கணக்கில் தலை தூக்கியே நின்றால் அது நுரையீரலுக்கு இறங்கிக் காய்ச்சலாகும். நாங்கள் நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தினோம். தலைக்கயிற்றை அவிழ்த்து, தரையில் புல்லைப் போட்டு, அரை மணி நேரம் தலை குனிந்து தின்ன விட்டோம். ஊர் வந்த பிறகு ஐந்து நாள் காலையும் மாலையும் வெப்பம் பார்த்தேன். குதிரைக்கு 37.2 முதல் 38.3 டிகிரி செல்சியஸ் வரை சரி. அவனுக்கு 38.1-ஐத் தாண்டவில்லை.

தண்ணீர்தான் முதல் சிக்கல். எங்கள் கிணற்றுத் தண்ணீரை முகர்ந்துவிட்டு மூஞ்சியைத் திருப்பிக்கொண்டான். சாதாரணமாக ஒரு நாளைக்கு 25 லிட்டராவது குடிக்க வேண்டிய உடம்பு, மத்தியானம் வரை அரை வாளிகூட இறங்கவில்லை. ஒரு வாளித் தண்ணீரில் நெல்லிக்காய் அளவு உடன்குடிக் கருப்பட்டியைக் கரைத்து வைத்தேன். உறிஞ்சிவிட்டான். நாளுக்கு நாள் கருப்பட்டியைக் குறைத்து, ஒரு வாரத்தில் வெறுந் தண்ணீருக்குக் கொண்டுவந்தோம்.

தாத்தா வந்தவுடன் பார்த்தது சுழி. நெற்றியில், கழுத்தில், விலாவில் என்று ஒவ்வொன்றாகத் தடவி, "நல்ல சுழிதான்" என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தார். நான் உள்ளே போய் அவனுடைய பாஸ்போர்ட்டை எடுத்து வந்து காட்டினேன். பந்தயக் குதிரை ஒவ்வொன்றுக்கும் அடையாளப் புத்தகம் உண்டு. அதில் குதிரையின் படம் வரைந்து, மேலே சுழி எங்கெங்கே இருக்கிறது என்று குறித்திருப்பார்கள். மனிதனுக்குக் கைரேகை மாதிரி. தாத்தா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தையும் குதிரையையும் மாறி மாறிப் பார்த்தார். புத்தகத்தில் இருந்த சுழி அத்தனையும் அவர் கையில் தட்டுப்பட்டவைதான். யாராவது குதிரை தருகிறேன் என்றால் இந்தப் புத்தகத்தையும், கழுத்தில் உள்ள சிப் எண்ணையும், கிளாண்டர்ஸ் நோய் இல்லை என்ற ரத்தப் பரிசோதனைச் சீட்டையும் பார்க்காமல் கயிற்றைக் கையில் வாங்காதீர்கள். கிளாண்டர்ஸ் மனிதருக்கும் தொற்றும்.

தொழுவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பா காலத்து மாட்டுத் தொழு, கூரை எட்டடி. குதிரை திடுக்கிட்டுத் தலையைத் தூக்கினால் அந்த உயரம் காணாது. பதினொரு அடிக்கு உயர்த்தி, பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு அடியில் ஒரு கூடம் ஒதுக்கினோம். சிமெண்டுத் தரை வழுக்கும் என்பதால் ரப்பர் விரிப்பு, மேலே வைக்கோல். அப்போது பிசான அறுவடை நேரம், வைக்கோலுக்குப் பஞ்சமில்லை. வெளியே இருந்த முள்கம்பி வேலியை முழுக்கப் பிரித்தெறிந்தோம். மாடு முள்கம்பியைப் பார்த்து விலகும். மிரண்டு ஓடும் குதிரை பாயும், பாய்ந்த இடத்தில் தோல் கிழிந்துவிடும். அதற்குப் பதில் சவுக்குக் கம்பு மூன்று வரிசை.

வேலியோரம் அம்மா வளர்த்த அரளி இருபது செடி நின்றது. சாமிக்குப் பூப் பறிக்கிற செடி. அரளியில் இலை, பூ, பட்டை, உதிர்ந்த சருகு எல்லாமே விஷம். குதிரையின் இதயத்தை நிறுத்த ஒரு கைப்பிடி இலையே போதும். அம்மாவிடம் சொல்லும்போது எனக்குக் கஷ்டமாக இருந்தது. அம்மா ஒன்றும் பேசாமல் மண்வெட்டியை எடுத்து வந்தாள். இரண்டு செடி மட்டும் வீட்டுக்கு முன்பக்கம் போயிற்று, மற்றதைத் தோண்டி எரிக்காமல் குழியில் புதைத்தோம், புகையும் ஆகாது என்பதால். ஆமணக்கையும் அன்றைக்கே பிடுங்கினோம்.

தீனிக்கு வருகிறேன். இந்த ஊரில் எல்லாரும் தடுக்கி விழும் இடம் இதுதான்.

கிண்டியில் அவனுக்கு ஒரு நாளைக்கு ஐந்து கிலோ ஓட்ஸ். ஓடுகிற உடம்புக்கு அது சரி. தொழுவில் நிற்கிற உடம்புக்கு அது நெருப்பு. அதற்காக ஒரே நாளில் நிறுத்தவும் கூடாது, குடலில் இருக்கும் நுண்ணுயிர்கள் மாற நாள் வேண்டும். இரண்டு நாளைக்குக் கால் கிலோ வீதம் குறைத்து, நாலு வாரத்தில் ஒன்றரைக் கிலோவுக்குக் கொண்டுவந்தேன். குறைத்த அளவுக்குப் புல்லை ஏற்றினேன். குதிரையின் இரைப்பை சிறியது. தீனி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதில் அமிலம் இரவும் பகலும் சுரந்துகொண்டே இருக்கும். அதை ஆற்றும் எச்சில் மெல்லும்போது மட்டும்தான் வரும். இரண்டு வேளை தானியம் வைத்துவிட்டு இடையில் வெறும் வயிற்றில் நிறுத்தினால் புண்தான். இவனுக்கும் புண் இருந்தது. கால்நடை டாக்டர் 28 நாள் ஒமிப்ரசோல் என்ற, அமிலத்தைக் குறைக்கும் மருந்தைக் கொடுத்தார். மருந்து பாதி, ஓயாமல் மெல்லுவதற்குக் கிடைத்த புல் பாதி. இரண்டும் சேர்ந்து குணமாக்கியது.

எந்தப் புல் என்பது அடுத்த கேள்வி. பக்கத்துத் தோட்டத்து அண்ணாச்சி நல்ல மனசோடு ஒரு வண்டி நேப்பியர் புல் கொண்டுவந்து இறக்கினார். "மாடு மடமடன்னு திங்கும், குதிரை திங்காதா?" என்றார். தின்னும், அதுதான் ஆபத்து. நேப்பியரில் ஆக்சலேட் அதிகம், அது கால்சியத்தைக் கட்டிப் போட்டுவிடும். மாட்டின் அசைபோடும் வயிறு அதைச் சிதைத்துவிடும், குதிரைக்கு அந்த வயிறு கிடையாது. மாசக்கணக்கில் அதை மட்டுமே தின்றால் உடம்பு எலும்பிலிருந்து கால்சியத்தை உருவி, முகத்து எலும்பு உப்பிப் போகும். கூடவே தவிடும் வைத்தால் கேட்கவே வேண்டாம். தவிட்டில் கால்சியத்தைவிடப் பாஸ்பரஸ் பல மடங்கு. சோள நாத்தும் வேண்டாம். இளம் நாத்தில் விஷம் ஏறும், தொடர்ந்து தின்றால் மூத்திரப்பை கெட்டுப் பின்னங்கால் தள்ளாடும்.

எங்களுக்குக் கை கொடுத்தது அருகம்புல். கன்னடியன் கால்வாய் பாயும் வயல் வரப்பெல்லாம் அதுதான். புல் அறுக்கிற இரண்டு மதினிமாரிடம் கட்டுக் கணக்கில் பேசி, பாதியைப் பச்சையாகவும் பாதியை நிழலில் காயவைத்தும் போடுகிறேன். பச்சையை உதறி மண்ணைத் தட்டித்தான் போட வேண்டும், மண் குடலில் படிந்தால் வயிற்றுவலி. காய்ந்த கணக்கில் அவன் எடைக்கு நூற்றுக்கு இரண்டு பங்கு, அதாவது ஒன்பது கிலோ சுமார். கால்சியத்துக்குக் குதிரைமசால் காய்ந்தது ஒன்றரைக் கிலோ. பெயரிலேயே குதிரை இருக்கிற இந்தத் தீவனத்தை இங்கே யாரும் பயிரிடவில்லை, கோயம்புத்தூர்ப் பக்கமிருந்து மூட்டையாக வருகிறது. காணம், அதாவது கொள்ளு, நாலாவது மாதம்தான் ஆரம்பித்தேன், வேகவைத்து ஒரு கை அளவு.

கடையில் விற்கும் மாட்டுத் தீவனம், கோழித் தீவனம் எதுவும் குதிரை வாயில் படக்கூடாது. சிலவற்றில் மோனென்சின் என்ற மருந்தைக் கலப்பார்கள். மாட்டுக்கு அது பலன் தரும், குதிரைக்கு இதயத் தசையை அழித்துவிடும். தொழுவில் இருந்த மாட்டுத் தீவன மூட்டையைப் பூட்டிய அறைக்கு மாற்றினேன், அள்ளும் கிண்ணத்தையும் வேறாக்கினேன்.

எடை பார்க்கத் தராசு வேண்டாம், நீளமான டேப் ஒன்று போதும். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி செ.மீ. கணக்கில் அளந்து, அந்த எண்ணை அதாலேயே பெருக்கி, தோள் முனையிலிருந்து பிட்டம் வரை உள்ள நீளத்தால் பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் கிலோ. வந்த அன்று சுற்றளவு 182 செ.மீ., நீளம் 160: 446 கிலோ. ஆனியில் சுற்றளவு 190: 486 கிலோ. விலா எலும்பு இப்போது கைக்குத் தட்டுப்படுகிறது, கண்ணுக்குத் தெரிவதில்லை.

வந்தபோது காலில் அலுமினிய லாடம், பந்தயத்துக்கு அடிக்கிற மெல்லிய தகடு. எங்கள் பக்கம் லாடம் அடிக்கிறவர்கள் மாட்டுக்கு அடிப்பார்கள். மாட்டைக் கயிறு போட்டுச் சாய்த்து, பிளந்த குளம்புக்கு இரண்டு தகடு. குதிரைக்கு அது பொருந்தாது. நிற்க வைத்து, காலை மடியில் வாங்கி, குளம்பின் சுவரைச் சீவி, கோணம் பார்க்க வேண்டும். மதுரைப் பக்கத்திலிருந்து ஐந்து வாரத்துக்கு ஒருமுறை ஒரு பாய் வருகிறார். முதல் நாளே அலுமினியத்தைக் கழற்றி, நீண்டிருந்த முன்முனையைச் சுருக்கினார். ஒரே தடவையில் சரி செய்ய மறுத்துவிட்டார். "குளம்பு மாசத்துக்கு ஒரு செண்டிமீட்டர்கூட வளராது. அது வளர்ற வேகத்துலதான் நானும் வெட்டணும்" என்றார். முழுக் குளம்பும் புதிதாக இறங்கிவர ஒரு வருடம் ஆகும். இப்போதைக்கு வெறுங்கால், மண் தடத்தில் மட்டும் நடை. தார் ரோடு பக்கமே போவதில்லை.

பங்குனி உத்திரம். இதை விவரமாகச் சொல்ல வேண்டும்.

சாஸ்தா கோயிலுக்குப் போய் வந்த சொந்தக்காரர்களால் வீடு நிறைந்திருந்தது. நான் சாயங்காலம் வரை கோயிலில் இருந்தேன். எதிர்வீட்டு ஆச்சி ஒரு போணி நிறையச் சர்க்கரைப் பொங்கலை ஊட்டிவிட்டிருக்கிறாள். இரவு ஏழு மணிக்கு நான் தொழுவுக்குப் போனபோது அவன் முன்னங்காலால் வைக்கோலைப் பறித்துக்கொண்டிருந்தான். திரும்பித் திரும்பித் தன் விலாவையே பார்த்தான். கழுத்தில் வேர்வை. தாடைக்கு அடியில் ஓடும் நாடியை இரண்டு விரலால் பிடித்து எண்ணினேன். நிமிஷத்துக்கு 60. சும்மா நிற்கும்போது 28 முதல் 44 வரைதான் இருக்க வேண்டும். விலாவில் காதை வைத்தேன். வழக்கமாக ஆற்றுத் தண்ணீர் கூழாங்கல்லில் உருளுவது மாதிரி கேட்கும் சத்தம் இல்லை. அமைதி. அந்த அமைதியில் என் கை நடுங்கியது.

ஒரு பெரியவர் மூங்கில் குழாயில் எண்ணெய் ஊற்றலாம் என்றார். நான் கையெடுத்துக் கும்பிட்டுத் தடுத்தேன். மாட்டுக்குப் போல வாயில் ஊற்றினால் குதிரைக்கு நுரையீரலில் போய்விடும். குதிரையால் வாந்தி எடுக்கவும் முடியாது. இரைப்பை புளித்து உப்பினால் வெடிக்கத்தான் செய்யும். தீனியை எல்லாம் அப்புறப்படுத்திவிட்டு, படுத்துப் புரளாமல் இருக்க மெல்ல நடத்திக்கொண்டிருந்தேன். ஒரு மணி நேரத்தில் திருநெல்வேலியிலிருந்து டாக்டர் வந்துவிட்டார். வலிக்கு ஊசி போட்டு, மூக்கு வழியாக இரைப்பைக்குக் குழாய் இறக்கினார். புளித்த வாடையோடு காற்று வந்தது, அரிசி வந்தது. அதே குழாய் வழியாக மூன்று லிட்டர் பாரஃபின் எண்ணெய் போயிற்று. பத்து மணிக்கு நாடி 52. இரண்டு மணிக்கு 44. நாலு மணிக்குச் சாணி போட்டான். நான் அந்தச் சாணியை டார்ச் அடித்துப் பார்த்து அழுதேன்.

ஆச்சியும் தூங்கவில்லை. வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தாள். "ஏட்டி, சாஸ்தாவுக்க வாகனம்லா, உத்திரத்தன்னைக்கிப் பட்டினியா நிக்கேன்னு நெனச்சிட்டேன்" என்றாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இதே தாமிரபரணி கடலில் சேரும் இடத்தில்தான் காயல் துறைமுகம் இருந்தது. பாண்டியர் காலத்தில் வருஷா வருஷம் அரேபியாவிலிருந்தும் பாரசீகத்திலிருந்தும் ஆயிரக்கணக்கில் குதிரைகள் வந்து இறங்கின. 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வந்த மார்க்கோ போலோ, அந்தக் குதிரைகளுக்கு இங்கே சோறும் இறைச்சியும் வேகவைத்துக் கொடுத்தார்கள், லாடம் அடிக்க ஆளில்லை, அதனால் அவை செத்துக்கொண்டே இருந்தன என்று எழுதி வைத்திருக்கிறார். அன்பாகக் கொடுத்த சோறாகவும் அது இருந்திருக்கும். அடுத்த நாளே தொழுவாசலில் பலகை எழுதி மாட்டினேன்: "புல் தவிர எதுவும் கொடுக்க வேண்டாம். கேட்காமல் புல்லும் கொடுக்க வேண்டாம்." ஆச்சி எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டு, அதற்குப் பிறகு தெருப் பிள்ளைகளைத் தொழுப்பக்கம் விடாமல் பார்த்துக்கொள்வது அவள்தான்.

பழக்கும் வேலை மெதுவாகத்தான் நகர்கிறது. நாளின் பெரும்பகுதியைக் கொட்டிலுக்குள் தனியாகக் கழித்த உயிர். முதல் வாரம் கதவருகே நின்று இடமும் வலமும் ஆடிக்கொண்டே இருந்தான். குதிரை மந்தையாக வாழ்கிற பிராணி, இன்னொரு குதிரை வாங்க எனக்கு வசதி இல்லை. ஒரு வெள்ளாட்டுக் கிடாவை உள்ளே விட்டேன். முதல் இரண்டு நாள் காதைப் பின்னால் மடக்கினான். மூன்றாம் நாள் ஆடு அவன் புல்லைத் தின்றுகொண்டிருக்க, அவன் அதன் முதுகை உதட்டால் நீவிக்கொண்டிருந்தான். ஆட்டம் ஒரே வாரத்தில் பாதியாகக் குறைந்தது.

பந்தயத்தில் நடந்துகொண்டிருக்கும் குதிரைமேல்தான் ஜாக்கியைத் தூக்கி ஏற்றுவார்கள். நின்றபடி ஆள் ஏறுவது என்பது அவனுக்குத் தெரியாத காரியம். கல் திண்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்துவேன். நகர்ந்தால் ஒரு வட்டம் சுற்றி மறுபடி நிறுத்துவேன். நின்றால் நெற்றியைத் தடவி உடனே அவிழ்த்து விட்டுவிடுவேன். இதையே முப்பது நாள் செய்தோம். ஏறவே இல்லை. கடிவாளம் இன்னும் கவனம். ஜாக்கி வாரை இறுக்கிப் பிடிக்கப் பிடிக்க அதன்மேல் சாய்ந்து வேகம் எடுக்கப் பழகியவன். நாம் நிறுத்த இழுத்தால் அவனுக்கு அது "ஓடு" என்று படும். அதனால் தரையிலிருந்தே குரலுக்குப் பழக்கினேன். "நில்லு" என்று ஒரே குரல், கூடவே மூச்சை நீளமாக விடுவது, வாரைத் தளர்த்துவது. வைகாசியில் டாக்டர் சரி என்ற பிறகு முதல்முறை ஏறினேன். கால்வாய்க் கரையில் பத்து நிமிஷம், நடை மட்டும். மயில் ஒன்று குறுக்கே பறந்தது. உடம்பு முழுக்க வில்லாய் இறுகியது. வாரைத் தளர்த்தி மூச்சை விட்டேன். நின்றான். இறங்கி, அவனை வீட்டுக்கு நடத்தியே கூட்டி வந்தேன்.

சித்திரை வெயிலுக்குக் காலை ஏழுக்கு மேல் வெளியே விடவில்லை, தினம் 40 கிராம் தூத்துக்குடி உப்பு தீனியில், மத்தியானம் இரண்டு தடவை உடம்பெல்லாம் தண்ணீர். வேர்க்கிறதா என்று தினமும் கை வைத்துப் பார்த்தேன். இந்த வெக்கையில் சில குதிரைகளுக்கு வேர்வையே நின்றுபோகும்.

ஆனி பிறந்து சாரல் காற்று இறங்கிய ஒரு விடியற்காலை. தொழுவில் அவன் தலை தெரியவில்லை. எட்டிப் பார்த்தால் வைக்கோலில் பக்கவாட்டில் கிடந்தான், நாலு காலும் நீட்டி, கன்னம் தரையில். எனக்குப் பங்குனி உத்திரம்தான் நினைவு வந்தது. கம்பைத் தாண்டி ஓடினேன். வேர்வை இல்லை. விலா சீராக ஏறி இறங்கியது. கிட்டே குனிந்தபோது இமைக்கு அடியில் கண் ஓடுவது தெரிந்தது. முன்னங்கால் இரண்டும் லேசாக உதறின. குதிரை நின்றபடியே கண்ணயரும், ஆனால் ஆழ்ந்த தூக்கம் படுத்தால்தான். பயமில்லாத இடம் என்று மனசுக்குப் பட்டால்தான் படுக்கும். இத்தனை மாதமும் காலையில் அவன் விலாவில் வைக்கோல் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்திருக்கிறேன், ஒருநாளும் இருந்ததில்லை.

ஆடு அவன் முதுகுக்குப் பின்னால் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. நான் சத்தமில்லாமல் வெளியே வந்து கம்போரம் உட்கார்ந்தேன். பால் வாங்க வந்த அம்மாவிடம் விரலை உதட்டில் வைத்துக் காட்டினேன். இருபது நிமிஷம் கழித்து எழுந்து, உடம்பை ஒரு உலுக்கு உலுக்கி, புல்லுக்குப் போனான். இடது விலா முழுக்க வைக்கோல்.